கருவி பழசான பிறகு

டிஜிட்டல் புத்தாக்கமும் அதனால் நிறுவனங்களும் ஊர்களும் அடையும் மாற்றமும் முனைவர் பட்ட ஆய்வுக்குரிய தனிப் பொருளாக நிலைபெற்றுச் சுமார் நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. இதற்கென்று ஒரே துறை கிடையாது. மேலாண்மைப் பள்ளிகளின் தகவல் அமைப்புப் பிரிவு, மானிடவியல், சமூகவியல், பொருளியல், கணினி அறிவியல், நகரத் திட்டமிடல் எனப் பல வாசல்கள் வழியாக மாணவர்கள் இதற்குள் நுழைகிறார்கள். ஒவ்வொருவரும் தத்தம் துறையின் கண்ணாடியோடு வருவதால் ஆய்வுப் பொருள் எது என்பதிலேயே ஒற்றுமை இல்லை. கிரெகரி வியால் 2019-ல் 282 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது டிஜிட்டல் மாற்றத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட வரையறைகள் புழக்கத்தில் இருந்தன.

வரையறையைவிடப் பெரிய தொல்லை காலம். இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் போனால் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு. கல்வெட்டை ஆராய்பவர் ஆறு ஆண்டு கழித்துப் போனாலும் கல் அங்கேயே இருக்கும். செயலி ஒன்றை ஆராய்பவர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும்போது அந்தச் செயலியே கடையை மூடியிருக்கலாம். ஆகவே இத்துறையில் எந்த ஆய்வேடு நிற்கிறது, எது கருவியோடு சேர்ந்து பழசாகிறது என்பது நடைமுறைக் கேள்வி. இதற்கு விடை தேடத் தோதான இடம், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஏறத்தாழ ஒரே காலத்தில் முடிந்த இரண்டு ஆய்வேடுகள்.

ஒன்று ஃபிரெட் டேவிஸ் 1985-ல் முடித்தது. அலுவலகங்களில் கணினி வந்திறங்கியும் பலர் அதைத் தொடாமலேயே இருந்த காலம் அது. ஒரு மென்பொருளை மனிதர் ஏற்பதும் ஒதுக்குவதும் எதனால் என்ற கேள்விக்கு டேவிஸ் இரண்டே காரணிகளை முன்வைத்தார். இது என் வேலைக்குப் பயன்படும் என்ற எண்ணம் ஒன்று, இதைக் கையாள்வது எளிது என்ற எண்ணம் மற்றொன்று. ஒவ்வொன்றையும் அளக்கச் சில வினாக்கள். 1989-ல் வெளியான கட்டுரையில் 152 பயனர்களையும் நான்கு மென்பொருள்களையும் கொண்டு சோதித்து, எளிமையைவிடப் பயனே வலுவான காரணி என்று காட்டினார். தொழில்நுட்ப ஏற்பு மாதிரி என்று பெயர் பெற்ற இது தகவல் அமைப்புத் துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் படைப்புகளுள் ஒன்றாயிற்று. அதில் சோதிக்கப்பட்ட மென்பொருள்களை இன்று யாரும் பயன்படுத்துவதில்லை. வினாத்தாள் மட்டும் இன்னும் ஊர் ஊராகச் சுற்றுகிறது.

அது பரவியதற்குக் காரணம் புரியாததல்ல. மாதிரி சிறியது, கணக்கு தெளிவானது, கருவியின் பெயரை மாற்றினால் போதும்: நேற்று மின்னஞ்சல், பிறகு இணைய வங்கி, பிறகு கைபேசிப் பணப் பரிமாற்றம், இன்று உரையாடும் செயற்கை நுண்ணறிவு. முந்நூறு பேரிடம் ஐந்து படிகள் கொண்ட அளவுகோலில் பதில் வாங்கி, புள்ளியியல் மென்பொருளில் இட்டு, கருதுகோள்களுள் எவை தேறின என்று அட்டவணை போட்டுவிடலாம். 2003-ல் டேவிஸும் வெங்கடேஷ் முதலானவர்களும் எட்டு மாதிரிகளை ஒன்றிணைத்து இன்னொரு பெரிய மாதிரி செய்தார்கள். அதற்கும் அதே கதி. 2007-ல் இசாக் பென்பசாத்தும் ஹென்றி பார்கியும் இத்துறை ஒரே தடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஒரு கருவியைப் பயனுள்ளதாக ஆக்குவது எது என்ற கேள்வியே விடுபட்டுப்போயிற்று என்று வெளிப்படையாக எழுதினார்கள். பழி டேவிஸுடையதல்ல. அவர் உண்மையான புதிர் ஒன்றுக்கு விடை கண்டார். பின்வந்தவர்களில் பலருக்குப் புதிரே இல்லை, அச்சு மட்டும் கையில் இருந்தது.

மற்றது ஸ்டீபன் பார்லி 1984-ல் முடித்தது. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் இரண்டு மருத்துவமனைகளில் சி.டி. ஸ்கேன் இயந்திரம் புதிதாக வந்திறங்கிய வேளையில் பார்லி அங்கே போய்ச் சேர்ந்தார். இரண்டிலும் ஒரே வகை இயந்திரம், ஏறத்தாழ ஒரே காலம். ஓராண்டுக் காலம் ஸ்கேன் அறையில் நின்று யார் என்ன சொன்னார்கள், யார் முடிவெடுத்தார்கள் என்று குறித்தார். எந்த இடத்திலிருந்து படம் எடுக்கத் தொடங்குவது, எத்தனை வெட்டுப்படம், ஊசி மருந்து ஏற்றுவதா வேண்டாமா போன்ற அன்றாட முடிவுகள்தாம் அவருடைய தரவு.

இரு மருத்துவமனைகளுக்கும் அவர் வைத்த புனைபெயர்கள் நகரம், புறநகரம் என்பதற்குமேல் ஒன்றுமில்லை. புறநகர மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும் தொழில்நுட்பர்களுள் சிலர் ஏற்கெனவே வேறிடத்தில் சி.டி. பழகியவர்கள். முறை வைத்து வந்த கதிரியக்க மருத்துவர்களுள் பலருக்கோ அது புதிது. அதனால் விசித்திரமான நாடகம் நடந்தது. படத்தில் தெரிவது என்ன என்று மருத்துவருக்கு விளங்காதபோது தொழில்நுட்பர் நேரடியாகச் சொல்லமாட்டார். சொன்னால் மரியாதைக் குறைவு. ஐயம் கேட்பதுபோல் கேட்டு, விடையை மருத்துவரின் வாயிலேயே வரவழைப்பார். பார்லி இதை ஒளிவுமறைவான கற்பித்தல் என்று பதிந்தார். தமக்குக் கீழே இருப்பவரிடம் பாடம் கேட்கும் சங்கடம் தாளாமல் மருத்துவர்கள் மெல்ல மெல்ல ஸ்கேன் அறைக்கு வருவதையே குறைத்துக்கொண்டு தம் அலுவலறைக்குள் ஒதுங்கினார்கள். அன்றாட முடிவுகள் தொழில்நுட்பர்களின் கைக்குப் போயின.

நகர மருத்துவமனையில் கதை வேறு. அங்கே பொறுப்பேற்ற மருத்துவர்களுக்குச் சி.டி. தெரியும், தொழில்நுட்பர்களுக்கு அது புதிது. மருத்துவர்கள் கட்டளையிட்டார்கள், இட்ட கட்டளையை மறுநிமிடம் மாற்றினார்கள், சிலவேளை பொத்தான்களைத் தாங்களே அழுத்தினார்கள். தொழில்நுட்பர்கள் எதற்கெடுத்தாலும் கேட்டுச் செய்யப் பழகினார்கள்; கேட்டுக் கேட்டுச் செய்தவர்களைத் திறமை போதாதவர்கள் என்று மருத்துவர்கள் கருதினார்கள். நாளடைவில் இங்கும் அதிகாரம் ஓரளவு இறங்கிவந்தது, புறநகரத்தில் இறங்கிய அளவுக்கு அல்ல. 1986-ல் இதைக் கட்டுரையாக்கியபோது பார்லியின் முடிவு சுருக்கமானது: இயந்திரம் அமைப்பைத் தீர்மானிப்பதில்லை, அமைப்பு கலைந்து மறுபடி கூடுவதற்கான ஒரு சந்தர்ப்பத்தைத் தருகிறது. அந்த இயந்திரங்கள் காயலான் கடைக்குப் போய் வெகுகாலமாகிறது. ஒரு வங்கியில் செயற்கை நுண்ணறிவு நுழைவதை ஆராய்பவர் இன்றும் அந்தக் கட்டுரையைத்தான் முதலில் எடுக்கிறார்.

டேவிஸின் அளவுகோலுக்கு அந்த ஒளிவுமறைவான கற்பித்தல் ஒருபோதும் அகப்பட்டிருக்காது. இந்தக் கருவி உங்கள் வேலைக்குப் பயன்படுகிறதா என்று கேட்டிருந்தால் இரு மருத்துவமனைகளிலும் எல்லாரும் ஆம் என்றே குறித்திருப்பார்கள். மாற்றம் அந்த ஆமுக்கு அடியில் நடந்துகொண்டிருந்தது. பார்லியின் முறைக்கும் விலை உண்டு. இரண்டே இடங்கள், ஒரே பார்வையாளர். அவர் கண்டதை இன்னொருவர் அப்படியே திரும்பச் செய்து சரிபார்க்க வழியில்லை. ஆயினும் அது நின்றதற்குக் காரணம் உள்ளே தங்கியிருந்தது மட்டுமல்ல, ஒன்றுக்கு இரண்டாக வைத்துப் பார்த்ததும்தான். ஒரு மருத்துவமனையை மட்டும் பார்த்திருந்தால் எல்லாவற்றையும் இயந்திரத்தின் தலையில் கட்டியிருப்பார்.

அதே 1984-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் லூசி சக்மன் மானிடவியலில் பட்டம் பெற்றார். மானிடவியலாளர் என்றால் தொலைதூரத் தீவுக்குப் போவார் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் நகல் எடுக்கும் இயந்திரத்தின் முன்னால் மனிதர் படும் பாட்டை அவர் ஆராய்ந்தார். இயந்திரத்தில் வழிகாட்டும் மென்பொருள் பொருத்தி, இருவர் இருவராகப் பயன்படுத்தச் சொல்லிக் காணொளி எடுத்தார். படித்த கணினி விஞ்ஞானிகளே இருபக்க நகல் எடுக்கத் திணறினார்கள். மனிதர் என்ன செய்ய முயல்கிறார் என்பதை இயந்திரம் அறிய இருந்த வழி அவர் அழுத்தும் பொத்தான் மட்டுமே. அவர் தலையைச் சொறிவதும் பக்கத்திலிருப்பவரிடம் கேட்பதும் அதற்குத் தெரியாது. மனிதர் திட்டம் போட்டு அதன்படி நடப்பதாக மென்பொருள் செய்தவர்கள் எண்ணியிருந்தார்கள். சூழலைப் பார்த்துப் பார்த்து நடந்துவிட்டுப் பிறகு அதைத் திட்டம் என்று சொல்லிக்கொள்வதே மனித வழக்கம் என்று சக்மன் காட்டினார். 1987-ல் இது நூலாயிற்று.

ஜெராக்ஸிலேயே ஜூலியன் ஓர் என்பவர் இயந்திரம் பழுதுபார்ப்பவர்களோடு சுற்றினார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1990-ல் முடிந்த அவருடைய ஆய்வேடு, பழுதுபார்ப்பவர்கள் கையேட்டை நம்பி வேலை செய்வதில்லை, காலைச் சாப்பாட்டு மேசையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கதைகளை நம்பியே செய்கிறார்கள் என்று கண்டது. ஒரே பிழை எண் நான்கு வேறு காரணங்களால் வரும் என்பது கையேட்டில் இராது, கதையில் இருக்கும். இதை உணர்ந்த நிறுவனம் பின்னாளில் யுரேகா என்ற தரவுத்தளத்தை அமைத்தது. பழுதுபார்ப்பவர் எழுதும் குறிப்பை அவருடைய சகாக்களே சரிபார்த்தார்கள். எழுதியவரின் பெயரும் அதோடு சேர்ந்தே போயிற்று. ஆய்வேடு டிஜிட்டல் மாற்றத்தை விவரிப்பதோடு நிற்காமல் அதில் ஒரு பங்காளியாகவும் ஆகலாம் என்பதற்கு இது தொடக்ககால எடுத்துக்காட்டு.

வெளியுலகில் இவர்கள் எல்லாரையும்விடப் புகழ் பெற்றது கிளேட்டன் கிறிஸ்டென்சன் ஹார்வர்டில் 1992-ல் முடித்த ஆய்வேடு. அவர் எடுத்துக்கொண்டது கணினியின் ஹார்டு டிஸ்க் தொழில். 14 அங்குலத்திலிருந்து 8, பிறகு 5.25, பிறகு 3.5 என்று டிஸ்க் சிறுக்கச் சிறுக்க முன்னணி நிறுவனங்கள் ஏன் சறுக்கின என்பது கேள்வி. சோம்பலாலோ அறியாமையாலோ அல்ல, தங்கள் நல்ல வாடிக்கையாளர்கள் சொன்னதைக் கேட்டதாலேயே சறுக்கின என்பது விடை. பெரிய கணினி வாங்குபவருக்குச் சிறிய டிஸ்க் வேண்டாம்; அதனால் சிறிய டிஸ்க் செய்பவரை யாரும் பொருட்படுத்துவதில்லை, அவர் வளர்ந்து வாசலுக்கு வரும்வரை. 1997-ல் வந்த அவருடைய நூலுக்குப் பிறகு இந்தக் கருத்து சிலிக்கான் பள்ளத்தாக்கின் வேதவாக்கு ஆயிற்று.

அங்கேதான் அதற்குக் கெட்டகாலமும் தொடங்கியது. ஒரு தொழிலின் வரலாற்றிலிருந்து எடுத்ததைப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் எஃகு ஆலைக்கும் நீட்டினார்கள், கிறிஸ்டென்சனும் சேர்ந்தே நீட்டினார். 2007-ல் ஐஃபோன் வெற்றிபெறாது என்று அவர் கணித்தது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. வரலாற்றாசிரியர் ஜில் லெபோர் 2014-ல் எழுதிய கண்டனத்தில், வீழ்ந்ததாகக் காட்டப்பட்ட நிறுவனங்களுள் சில வீழவே இல்லை என்று சுட்டினார். சீகேட் அதற்குப் பின்னும் இத்தொழிலின் முதல் வரிசையிலேயே இருந்தது. ஹார்டு டிஸ்க் பற்றிய மூல ஆய்வு இன்றும் கவனமாகச் செய்யப்பட்ட வேலை. அதன்மேல் ஏற்றப்பட்ட பாரம்தான் தாங்கவில்லை.

2010 வாக்கில் ஆய்வுப் பொருளே மாறத் தொடங்கியது. யங்ஜின் யூ, ஓலா ஹென்ஃபிரிட்சன், கல்லே லிட்டினென் ஆகிய மூவரும் அவ்வாண்டு வெளியிட்ட கட்டுரை, டிஜிட்டல் பொருள் என்பது கருவி, வலையமைப்பு, சேவை, உள்ளடக்கம் என்ற நான்கு அடுக்குகளால் ஆனது, ஒவ்வோர் அடுக்கையும் வேறு வேறு நிறுவனம் மாற்றிக்கொண்டே இருக்கலாம் என்று விளக்கியது. பார்லி பார்த்த ஸ்கேன் இயந்திரம் ஆய்வு முடியும்வரை அதே இயந்திரமாக இருந்தது. இன்றைய செயலி திங்கட்கிழமை ஒரு முகமும் வெள்ளிக்கிழமை வேறு முகமும் காட்டும். ஒரே நாளில் இரு பயனர்களுக்கு இரு வடிவம் காட்டுவதும் உண்டு. அதன் உள்ளே என்ன நடக்கிறது என்ற பதிவேடு நிறுவனத்தின் கையில் இருக்கிறது, ஆய்வாளருக்கு எட்டுவதில்லை.

இந்தியாவில் இந்த ஆய்வுகளுக்குக் களம் அமைத்தவை பெரும்பாலும் கிராமங்கள். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவமாகக் கொண்டு புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. வீராம்பட்டினம் மையத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2001 நவம்பரில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைக் கொண்டு இணைய நிலையங்கள் தொடங்கின, ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் அதில் பங்காளிகள். நிலையங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 80 வரை உயர்ந்தது. கணினிப் பயிற்சி, மின்னஞ்சல், அரசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம், கண் மருத்துவமனைக்குக் கண்ணின் படம் அனுப்புவது என்று வேலைகள் நடந்தன. அமைச்சர்களும் வெளிநாட்டு நிருபர்களும் வந்து பார்த்துப் போகும் கட்டத்தோடு ஆய்வு நின்றிருந்தால் மேலூர் ஒரு வெற்றிக்கதையாகவே பதிவாகியிருக்கும்.

அப்படி ஆகாததற்குக் காரணம் சிலர் பிறகும் போய்ப் பார்த்ததே. தமிழ்நாட்டின் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து எம்.ஐ.டி.யில் ஆய்வு மாணவரான ராஜேந்திர குமாரும் மைக்கேல் பெஸ்டும் எழுதிய கட்டுரைகள் அந்த நிலையங்களுள் பல மூடப்பட்டதையும் ஏன் மூடப்பட்டன என்பதையும் ஆராய்ந்தன. கணினிப் பயிற்சி முன்பே பெற்றிருந்த உரிமையாளர்களின் நிலையங்களும், பயிற்சி பெற்ற தனி ஆளை நீண்டகாலம் வைத்திருந்த நிலையங்களும் கூடுதல் காலம் தாக்குப்பிடித்தன. சான்றிதழ்ச் சேவை தொடக்கத்தில் மக்களிடம் எடுபட்டது. மேலே இருந்த ஆதரவு தொடராதபோது படுத்துவிட்டது. கருவியில் பழுதில்லை. கலெக்டர் மாறினால் திட்டமும் மாறும் என்பது எந்த ஊர்க்காரருக்கும் தெரிந்ததுதான். அதை ஆய்வுச் சான்றோடு பதிவது வேறு வேலை.

கேரளக் கடற்கரை இன்னொரு பாடம். பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007-ல் வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. 1997 ஜனவரி 14 அன்று வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளின்றி மத்தி மீனோடு நின்றார்கள். 15 கிலோமீட்டருக்குள் இருந்த வேறு இரண்டு கரைகளில் வாங்க வந்த 27 பேர் மீன் கிடைக்காமல் திரும்ப இருந்தார்கள். கைபேசி வந்த பிறகு படகிலிருந்தே விலை விசாரித்துக் கரையைத் தேர்ந்தார்கள். மீனவரின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. இவ்வளவு நேர்த்தியான முடிவு பொருளியலில் அபூர்வம். அதனாலேயே அது கைபேசி வறுமையைத் தீர்க்கும் என்ற பிரசாரத்துக்கு ஆயுதமாயிற்று.

பெர்க்லியில் ஆய்வு செய்த ஜானகி சீனிவாசன், ஜென்னா பரலுடன் சேர்ந்து 2013-ல் அந்த மீனவர்களைப் பற்றி மறுபடி எழுதினார். எந்தக் கரையில் விற்பது என்பது விலைத் தகவலால் மட்டும் முடிவாவதில்லை. படகு எத்தகையது, ஏலம் எப்படி நடக்கிறது, தரகரிடம் வாங்கிய கடன் எவ்வளவு என்பவையும் முடிவு செய்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள். கடன் கொடுத்தவர் கரையில் காத்திருக்கும்போது கைபேசியில் நல்ல விலை கேட்டு என்ன பயன்? ஜென்சனின் கணக்கு தவறு என்பது இதன் பொருளல்ல. அந்தக் கணக்கு எங்கே பலிக்கும் என்ற எல்லை தெளிவாயிற்று. இந்த மீனவர்களையும் புதுச்சேரித் தகவல் மையங்களையும் ராஜஸ்தானின் தகவல் உரிமைப் போராட்டத்தையும் அருகருகே வைத்து சீனிவாசன் எழுதிய நூல் 2022-ல் வெளிவந்தது.

பார்த்து எழுதுவது ஒரு வழி என்றால் கட்டி எழுதுவது இன்னொரு வழி. நார்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோர்ன் பிராவும் தென்னாப்பிரிக்க நண்பர்களும் 1994-ல், இனவெறி ஆட்சி முடிந்த கையோடு, மாவட்டச் சுகாதாரத் தரவுகளைத் தொகுக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். அதிலிருந்து பிறந்த மென்பொருள் ஆந்திரத்தில், தமிழக எல்லையை ஒட்டிய குப்பத்துக்கு வந்தது. அதன் இரண்டாம் வடிவமான டி.எச்.ஐ.எஸ். 2 முதன்முதலில் 2006-ல் கேரளத்தில் இயங்கியது. இன்று எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் ஒஸ்லோவில் பதிவுசெய்த ஆய்வு மாணவர்கள் தத்தம் நாட்டுச் சுகாதாரத் துறையில் இதை நிறுவிக்கொண்டே ஆய்வேடு எழுதினார்கள். ஒற்றை முன்னோட்டத் திட்டம் பணம் தீர்ந்ததும் செத்துவிடும், பல இடங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றால்தான் பிழைக்கும் என்பது 2004-ல் பிராவும் எரிக் மொன்டெய்ரோவும் சுந்தீப் சாஹேயும் எழுதிய கட்டுரையின் மையம். மேலூருக்குக் கிடைக்காதது அதுதான். 2020 தொடக்கத்தில் கொரோனா வந்தபோது இலங்கைச் சுகாதார அமைச்சு, விமான நிலையம் வழியாக வருபவர்களைக் கண்காணிக்கும் தொகுதியை இதே மென்பொருளில் சில நாள்களில் அமைத்தது. ஆள்கள் ஏற்கெனவே பழகியிருந்ததால் அது முடிந்தது. தான் நிறுவிய மென்பொருளைத் தானே மதிப்பிடும் ஆய்வாளர் எவ்வளவு நடுநிலையாக இருக்க முடியும் என்ற கேள்வி இவ்வகை ஆய்வைத் தொடர்ந்துகொண்டேதான் இருக்கும். நல்ல ஆய்வேடுகள் அதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்குகின்றன.

இதற்கிடையில் முனைவர் பட்டமே டிஜிட்டல் மாற்றத்துக்குள் வந்துவிட்டது. இந்திய ஆய்வேடுகள் சோத்கங்கா களஞ்சியத்தில் பொதுப் பார்வைக்கு ஏற்றப்படுகின்றன. 2018-ஆம் ஆண்டு விதிகள் 10 சதவீதம் வரை ஒப்புமையைத் தண்டனையின்றி விடுகின்றன. 60-ஐத் தாண்டினால் பதிவு ரத்து. ஒப்புமையை எண்ணும் மென்பொருள் சொற்களை ஒப்பிடும். எண்ணமே இரவலா என்று அதற்குத் தெரியாது. தொழில்நுட்ப ஏற்பு மாதிரியில் கருவியின் பெயரை மட்டும் மாற்றிய ஆய்வேடு ஒப்புமைச் சோதனையில் மாசுமருவின்றித் தேறிவிடும்.

பகுதிநேர ஆய்வாளரின் நிலைமையைப் பார்த்தால் வினாத்தாளின் கவர்ச்சி விளங்கும். பகலில் வங்கியிலோ கல்லூரியிலோ வேலை. ஓராண்டு ஸ்கேன் அறையில் நிற்க விடுப்பு யார் கொடுப்பார்கள்? மேலாண்மைத் துறையின் ஆய்வுக் குழுவில் கள ஆய்வு முறை பழகியவர் அமைவதும் அரிது. வாய்மொழித் தேர்வில் முதலில் வந்து விழும் கேள்வி மாதிரியின் எண்ணிக்கை எத்தனை என்பதே. ஆனால் அந்த வங்கி ஊழியர் வெளியாள் எவருக்கும் கிடைக்காத இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். கிளையில் புதிய மென்பொருள் வந்த வாரத்தில் யார் யாரிடம் ரகசியமாகக் கேட்டுக்கொண்டார்கள் என்பதை அவர் தினமும் பார்க்கிறார். தமிழ்நாட்டில் 2017-ல் மின்னணுக் குடும்ப அட்டை வந்ததிலிருந்து ரேஷன் கடை ஊழியரின் கையில் விற்பனைக் கருவி இருக்கிறது. ஒரே கருவியுள்ள இரண்டு கடைகள், ஒன்று நகரத்தில், ஒன்று மலையடிவாரத்தில். கருவி வேலை செய்யாத நாளில் வரிசையில் நிற்பவரிடம் என்ன சொல்லப்படுகிறது, பேரேடு திரும்பி வருகிறதா, முடிவெடுப்பது யார் என்று குறித்துவரப் பெரிய நிதி தேவையில்லை. அனுமதிக் கடிதமும் குறிப்பேடும் வேண்டும். அந்தந்தத் தேதியில் திரை எப்படி இருந்தது என்பதற்குப் படமும் எடுத்து வைக்க வேண்டும், அடுத்த பதிப்பு வந்ததும் பழைய திரை எங்கும் கிடைக்காது.